மலைவழி யாருடையது?
ஸ்விட்ஸர்லாந்தின் சரளைப் பாதைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசர்களின் வரலாற்றை எழுதி வைத்தோர் பலர். அவ்வரசர்களின் படைகள் நடந்து சென்ற பாதைகளின் வரலாற்றை எழுதினோர் மிகச் சிலர். ஆயின், அரபி நிலநூலார் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் அவர்கள் இயற்றிய நூல்கள் சிலவற்றுக்கு ‘அல்-மஸாலிக் வல்-மமாலிக்’ என்று ஒரே பெயர் வழங்கிற்று. வழிகளும் நாடுகளும் என்பது இதன் பொருள். நாட்டை முன்னும் வழியைப் பின்னும் வைக்காமல், வழியை முன்னே வைத்தார்கள் அப்பெரியோர். வழி இல்லையேல் நாடு இல்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இக்கருத்துக்கு இன்றைய உலகில் சிறந்த எடுத்துக்காட்டாக ஒரு நாட்டைக் காட்ட வேண்டுமானால், ஐரோப்பாவின் நடுவில் மலைகளுக்கிடையே அமைந்த ஸ்விட்ஸர்லாந்தைக் காட்டலாம். அந்நாட்டின் ஏரிக்கரைகளிலும் அருவியோரங்களிலும் காட்டுச் சரிவுகளிலும், தார் பூசப்படாத சரளைப் பாதைகள் நெடுந்தூரம் செல்கின்றன. அகன்ற சக்கரப் பட்டைகளும் வளைந்த கைப்பிடியும் கொண்ட ‘கிராவல் பைக்’ என்னும் மிதிவண்டியில் ஏறி இப்பாதைகளில் செல்வதற்கென்றே இன்று பல நாட்டு மக்களும் அங்கே போகின்றனர். கண்டு வருவோர் ஏரியின் நீலத்தையும் அருவியின் வெண்மையையும் புகழ்கின்றனர். காலடியில் கிடந்த சரளையைப் பற்றிப் பேசுவோர் இல்லை. செல்வம் மிக்க அந்நாட்டில் எல்லாப் பாதைகளுக்கும் தார் இட்டுவிட முடியாதா? முடியும். ஏன் இடவில்லை? அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் நீரும்

முதற்கண் நிலத்தின் இயல்பைச் சிறிது அறிவோம். ஸ்விட்ஸர்லாந்தின் பரப்பு 41,285 சதுரக் கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலையும் ஜூரா மலையும் ஆகும். பனியுகத்தில் மலைகளின் மீதிருந்து இறங்கிய பனிப்பாறைகள் பள்ளத்தாக்குகளை ஆழக் குடைந்தன. பெரிய பனிப்பாறை ஆழமாகவும், அதனோடு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சிறியது அவ்வளவு ஆழமின்றியும் குடைந்தன. பனி உருகி மறைந்தபின், பக்கப் பள்ளத்தாக்குகள் உயரத்தில் தொங்கி நின்றன. அவற்றினின்று வரும் ஓடைகள் செங்குத்தான பாறைச் சுவரின் விளிம்பிலிருந்து விழுவதல்லாமல் வேறு போக்கற்றவை ஆயின. அவையே இன்று நாம் காணும் அருவிகள். குடையப்பட்ட பள்ளங்களில் நீர் நிறைந்தது, அவையே ஏரிகள்.

லவுட்டர்புருன்னன் என்னும் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் உண்டு என்பது அப்பகுதியார் வழக்கு. அவற்றுள் பெயர் பெற்றது ஷ்டவுப்பாக். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அவ்வருவி, தரையை எட்டுமுன் காற்றில் சிதறித் துகளாகி விடும். ஜெர்மன் மொழியில் ‘ஷ்டவுப்’ என்றால் துகள், புழுதி. 1779இல் ஜெர்மானியக் கவிஞர் கதே இவ்வருவியைக் கண்டுதான் நீரையும் மனித ஆன்மாவையும் ஒப்பிட்டு ஒரு கவிதை புனைந்தார். புழுதி என்னும் இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

அப்பள்ளத்தாக்கின் வடக்கே பிரியன்ஸ், தூன் என இரண்டு ஏரிகள் உள. ஒரு காலத்தில் அவை ஒரே ஏரியாக இருந்தன. ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் நடுவில் மேடிட்டு இரண்டாகப் பிரித்து விட்டன. அம்மேட்டின் மீது அமைந்த ஊருக்கு இன்டர்லாக்கன் என்று பெயர். ஏரிகளுக்கு இடைப்பட்ட ஊர் என்பது அதன் பொருள். ஏரியையே இரண்டாகப் பிரிக்கும் நீர், மனிதன் போட்ட பாதையை விட்டுவைக்குமா? மலைநாட்டில் பாதை அமைப்பது நீரோடு ஓயாது நடக்கும் வழக்கு என்பதை இங்கேயே உணர்ந்து கொள்ளலாம்.

கணவாய்களில் ஸரஸன்கள்

ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கணவாய்களின் வரலாற்றில் நம் கவனத்துக்குரிய ஓர் அத்தியாயம் உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினிலிருந்து சுமார் இருபது பேர் ஏறிவந்த சிறு கப்பல் ஒன்று தென் பிரான்ஸின் கடற்கரையில் ஒதுங்கியதாகவும், அவர்கள் ஃப்ராக்ஸினேட்டம் என்ற இடத்தில் அரண் அமைத்துத் தங்கியதாகவும் கிரெமோனா நகர ஆயர் லியுட்ப்ராண்ட் எழுதுகிறார். பின்னர் அவர்கள் தொகை பெருகிற்று. அரபி நிலநூலார் இப்னு ஹவ்கல் குறிப்பிடும் ‘ஜபலுல் கிலால்’ என்பது இவ்விடமே எனப் பலரும் கருதுவர். ‘குல்லா’ என்ற சொல்லின் பன்மை ‘கிலால்’. கொடுமுடிகள் என்று பொருள். தரிசாய்க் கிடந்த அம்மலையை முஸ்லிம்கள் பண்படுத்திப் பயிரிட்டு, அணுக முடியாத இருப்பிடமாக்கிக் கொண்டனர் என்பது அவர் தரும் செய்தியின் சுருக்கம்.

ஐரோப்பியர் ‘ஸரஸன்கள்’ என்றழைத்த இவர்கள் அங்கிருந்து ஆல்ப்ஸ் கணவாய்களுக்கு ஏறினர். 921இல் ரோமுக்குச் சென்ற ஆங்கிலேய யாத்திரிகர் பலர் மலை இடுக்குகளில் அவர்கள் உருட்டிய கற்களால் மாண்டனர் என்று ஃப்ளோடோர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். 940 வாக்கில், ரோன் பள்ளத்தாக்கிலிருந்த செயின்ட் மாரிஸ் மடம் அவர்களால் அழிவுற்றது. கூர் நகர ஆயருக்கு ஜெர்மன் மன்னர் ஓட்டோ அளித்த மானிய ஆவணங்கள், ஸரஸன்களால் நேர்ந்த சேதத்தைக் காரணமாகக் காட்டுகின்றன. இத்தாலியின் அரசராயிருந்த ஹியூ என்பார் 942இல் இவர்களை ஒழிக்கும் தருணத்தில் மனம் மாறி, தம் பகைவர் பெரெங்கார் வடக்கேயிருந்து இறங்கி வராதபடி கணவாய்களைக் காக்குமாறு இவர்களோடேயே உடன்பாடு செய்துகொண்டார். 951இல் இவர்கள் ரோம் யாத்திரிகரிடம் சுங்கம் பெற்று வழிவிட்டனர் என்று ஃப்ளோடோர் மீண்டும் எழுதுகிறார். கல் உருட்டியவர்கள் முப்பது ஆண்டுகளில் சுங்கம் வாங்குவோர் ஆகிவிட்டனர்!

ஹிஜ்ரி 361இல், அதாவது கி.பி. 972இல், க்ளூனி மடத்தின் தலைவர் மயோலுஸ் என்ற துறவி பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயைக் கடந்து இறங்குகையில், ஓர்சியேர் என்னும் ஊரருகே இவர்களிடம் சிறைப்பட்டார். ஆயிரம் ராத்தல் வெள்ளி கொடுத்து மடத்தார் அவரை மீட்டனர். இந்நிகழ்ச்சியை விவரிக்கும் ராவுல் க்ளாபர் என்ற கிறிஸ்தவத் துறவி இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறார். சிறைப்பட்டவர் அவர்களுடைய உணவை உண்ண மறுத்தபோது, அவர்களுள் ஒருவர் தம் கைகளையும் கேடயத்தையும் கழுவி, அக்கேடயத்தின் மீதே மாவு பிசைந்து தூய்மையாக அப்பம் செய்து அவருக்குப் பணிவுடன் அளித்தாராம். மற்றொருவர் கோல் ஒன்றைச் செதுக்கும்போது துறவியின் வேதநூல் மீது காலை வைக்க, தீர்க்கதரிசிகளின் சொல்லை இவ்வாறு அவமதிப்பதா என்று அவருடைய தோழர்களே கடிந்து கொண்டனராம். பகைவர் எழுதிய ஏட்டில் இடம்பெற்றமையால் இச்சாட்சியத்துக்கு மதிப்பு மிகுதி.

எனினும், நம்மவர் என்பதற்காக வழிப்பறியை வீரம் என்று எழுதுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். அப்பம் செய்து கொடுத்த கையும், யாத்திரிகர் மீது கல்லை உருட்டிய கையும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. மயோலுஸ் சிறைப்பட்ட செய்தி மேற்கு ஐரோப்பாவைக் கொதிக்கச் செய்தது. அடுத்த ஆண்டளவில் புரோவான்ஸ் பிரபு வில்லியம் ஃப்ராக்ஸினேட்டத்தை வீழ்த்தினார். பாதையைத் தமதாக்கிக்கொண்டு பிறர்க்கு அடைத்தவர்கள் நிலைக்கவில்லை.

பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மக்கள் தமக்குப் புரியாதன எல்லாவற்றையும் ஸரஸன்கள் மீது ஏற்றினர். பழைய கோபுரம் ஒன்று கண்டால் அவர்கள் கட்டியது. பாறையில் வெட்டிய வாய்க்கால் கண்டால் அவர்கள் வெட்டியது. 1856இல் ஜூரிக்கைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் கெல்லர் இப்படையெடுப்புப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸாஸ் பள்ளத்தாக்கிலுள்ள அல்லாலின் என்ற மலைப்பெயர் ‘அல்-அய்ன்’, அதாவது ஊற்று என்னும் அரபிச் சொல்லின் திரிபு என்று கூறினோரும் உண்டு. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு நம் உள்ளம் குளிர்வது இயல்பே. ஆனால் ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது. இன்றைய இடப்பெயர் ஆய்வாளர்கள் அவ்விளக்கத்தை ஏற்பதில்லை. அரபி கற்றவர்களாகிய நாமும் உணர்ச்சிவயப்படாமல் இதனை ஒப்புக்கொள்வதே கற்றதற்கு அழகு.

கோவேறு கழுதையும் பிசாசின் பாலமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்ஹார்டு கணவாய் திறக்கப்பட்டமை ஸ்விஸ் வரலாற்றின் திருப்புமுனை. 2,106 மீட்டர் உயரமுள்ள அக்கணவாய்க்கு வடக்கிலிருந்து ஏறும் வழியில் ஷோல்லனன் என்னும் செங்குத்தான பிளவு உள்ளது. அதன் அடியில் ரொய்ஸ் ஆறு சீறிப்பாய்கிறது. 1230 வாக்கில் அதன் குறுக்கே மரப்பாலம் அமைந்தது. பின்னர் 1595இல் கற்பாலம் எழுந்தது. அதனை மக்கள் ‘பிசாசின் பாலம்’ என்பர். மனித முயற்சி பலமுறை தோற்றபின், முதலில் கடந்துவரும் உயிர் தனக்கே என்ற நிபந்தனையோடு பிசாசு பாலத்தைக் கட்டிக் கொடுத்ததாம். ஊரார் ஓர் ஆட்டுக்கிடாயை முதலில் ஓட்டிவிட்டு அதனை ஏமாற்றினராம். கதை பொய்யாயினும் அதன் உட்பொருள் மெய்: மலைப்பாதைக்கு விலை உண்டு. 1708இல் பியெத்ரோ மொரெத்தீனி என்ற பொறியாளர் அங்கே பாறையைக் குடைந்து 64 மீட்டர் நீளத் துளைவழி அமைத்தார். ஆல்ப்ஸ் மலையின் முதல் சாலைச் சுரங்கம் இதுவே.

இவ்வழிகளில் சரக்குகளைச் சுமந்தவை கோவேறு கழுதைகளும் குதிரைகளும். ஒரு விலங்கு ஏறத்தாழ 150 கிலோ சுமக்கும். லூசர்னிலிருந்து எங்கல்பர்க், மைரிங்கன், கிரிம்சல் வழியாக இத்தாலியின் தொமோதொஸ்ஸோலா வரை சென்ற பாதையில் பாலாடைக்கட்டி தெற்கே போயிற்று. திராட்சை மதுவும் அரிசியும் வாசனைப் பொருள்களும் வடக்கே வந்தன. அப்பாலாடைக்கட்டியின் பெயராலேயே இன்று அது ‘ஸ்பிரின்ஸ் வழி’ எனப்படுகிறது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இப்பாதைகளைக் காத்தவர் மன்னர் அல்லர். வழியில் இருந்த ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குட்பட்ட பகுதியைச் செப்பனிட்டது. அதற்கு ஈடாக அப்பகுதியில் சரக்குச் சுமக்கும் உரிமையைப் பெற்றது. பனி விழுந்தால் வழி திறப்பதும், கல் சரிந்தால் அகற்றுவதும் அவ்வூரார் கடமை. உழைத்தவனுக்கே உரிமை என்பது அவர்கள் வகுத்த நெறி.

நெப்போலியன் பீரங்கிகளை இத்தாலிக்குக் கொண்டுசெல்ல 1805இல் சிம்ப்லான் சாலையை முடித்தபோது, ஆல்ப்ஸில் வண்டிச் சாலைகளின் காலம் பிறந்தது. காட்ஹார்டிலும் 1830 வாக்கில் வண்டிச் சாலை அமைந்தது. 1882இல் 15 கிலோமீட்டர் நீள இரயில் சுரங்கம் திறக்கப்பட்டதும் கணவாய்ச் சாலை வெறிச்சோடிற்று. அதன்பின் 1980இல் மோட்டார்ச் சுரங்கமும், 2016இல் 57 கிலோமீட்டர் நீளமுள்ள அடிநில இரயில் சுரங்கமும் வந்தன. சரக்கு மலைக்குள் புகுந்துவிட்டது. மலைமேல் பாதை எஞ்சி நின்றது.

புழுதியும் தாரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்தது. அன்றைய சாலைகள் யாவும் கப்பியும் சரளையும் இட்டவை. குதிரை வண்டி சென்றபோது எழாத புழுதி, மோட்டார் சென்றபோது மேகமாக எழுந்து வீடுகளையும் வயல்களையும் மூடிற்று. இதற்கு இருவேறு விடைகளைக் கூறியவர்கள் இருவரும் ஸ்விஸ் மக்களே என்பது வியப்புக்குரியது.

ஒரு விடை, வாலிஸ் மாநிலத்தின் பிரிக் என்ற ஊரில் 1862இல் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் குல்யெல்மினெத்தி கூறியது. டச்சு அரசின் பணியில் ஜாவா, சுமத்ரா தீவுகளில் மருத்துவராக இருந்தவர் அவர். பின்னர் மொனாக்கோவில் குடியேறினார். புழுதியால் நோயாளிகள் படும் துன்பத்தைக் கண்டு, 1902இல் அந்நகரத் தெரு ஒன்றில் காய்ச்சிய தாரைப் பூசச் செய்தார். புழுதி அடங்கிற்று. ‘தார் டாக்டர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது.

மற்றொரு விடை கிராவ்புண்டன் மாநிலத்தார் கூறியது. சாலையை மாற்றுவதற்குப் பதில் அவர்கள் மோட்டாரையே தடுத்து விட்டனர். 1900இல் அம்மாநிலச் சாலைகள் அனைத்திலும் மோட்டார் வண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. எல்லைக்கு வந்த செல்வர், வண்டியின் முன்னே குதிரையைப் பூட்டி இழுக்கச் செய்யும் நிலை உண்டாயிற்று. தடையை நீக்கப் பன்முறை வாக்கெடுப்பு நடந்தும் மக்கள் இணங்கவில்லை. 1925இல்தான் இணங்கினர். பிறர் இதனைப் பழமைப்பிடிப்பு என நகைத்தனர். ஆனால் அச்சாலைகளைத் தம் உழைப்பாலும் வரியாலும் அமைத்த குடியானவர்கள், தம் கால்நடைகளும் பிள்ளைகளும் எங்கே நடப்பது என்று கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியுமா?

இறுதியில் தாரே வென்றது. பிரதான சாலைகள் ஒவ்வொன்றாகக் கருமையுற்றன. நடப்பவன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்.

இரண்டு பள்ளி ஆசிரியர்கள்

இக்கட்டத்தில் இரண்டு பள்ளி ஆசிரியர்களை வாசகர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். ஆசிரியத் தொழில் புரிபவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

முதலாமவர் பிரியன்ஸ் ஊரின் பள்ளி ஆசிரியர் யோஹன்னஸ் கெர்லி. அவ்வேரியின் தென்கரையில் கீஸ்பாக் என்னும் அருவி படிபடியாக இறங்கி ஏரியில் கலக்கிறது. அதனை அருகிருந்து காண்பதற்கு வழி இல்லாதிருந்தது. 1818 வாக்கில் கெர்லி அங்கே ஒரு நடைபாதை அமைத்தார். பாதை வந்ததும் பயணிகள் வந்தனர். அவரும் அவர் குடும்பத்தாரும் பாடி இசைத்து அவர்களை வரவேற்றனர் என்று அக்காலப் பயணிகள் எழுதி வைத்துள்ளனர். பெரிய விடுதிகளும், 1879இல் ஏரிக்கரையிலிருந்து மேலேறும் கம்பிவட இரயிலும் பின்னர் வந்தவை. தொடக்கம், ஓர் ஆசிரியர் வெட்டிய பாதை.

இரண்டாமவர் ஜூரிக் ஏரிக்கரையிலுள்ள மைலன் ஊரின் ஆசிரியர் யோஹான் யாக்கோப் எஸ். அவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கிளவுஸன் கணவாயைக் கால்நடையாகக் கடந்தபோது, விரைந்து சென்ற மோட்டார் வண்டிகளின் புழுதியிலும் இரைச்சலிலும் பிள்ளைகள் திணறினர். நடப்பவர்க்கென்று தனி வழி வேண்டும் என்ற எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது. முன்னே நான் நினைவில் வைக்கச் சொன்ன புழுதி இதுதான். அருவியின் புழுதி ஒரு கவிஞருக்குக் கவிதை தந்தது. சாலையின் புழுதி ஓர் ஆசிரியருக்குக் கடமையை உணர்த்திற்று.

எஸ் புதிய சாலை எதையும் போடச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த வயல்வழி, காட்டுவழி, கழுதைவழி ஆகியவற்றை இணைத்து, திசை காட்டும் மஞ்சள் பலகைகளை நட்டால் போதும் என்றார். 1934இல் நடைபாதைகளுக்கான சங்கம் ஒன்று அவருடைய முயற்சியால் தோன்றிற்று. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. செல்லும் ஊர், செல்ல ஆகும் நேரம். கிலோமீட்டர் கணக்கைக் காட்டிலும் நடைநேரக் கணக்கே மலையில் நடப்பவனுக்கு உதவும் என்பதை நடந்தவனே அறிவான். இன்று அப்பலகைகள் வழிகாட்டும் நடைபாதைகளின் மொத்த நீளம் 65,000 கிலோமீட்டருக்கு மேல்.

சட்டம் காத்த சரளை

நல்லெண்ணம் மட்டும் பாதையைக் காக்காது. அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும். இதற்கு அடிப்படை முன்னமே இருந்தது. 1907இல் இயற்றப்பட்டு 1912இல் நடைமுறைக்கு வந்த ஸ்விஸ் உரிமையியல் சட்டத்தின் 699ஆம் பிரிவு, காடு தனியாருக்கே உரியதாயினும், அதனுள்ளும் மேய்ச்சல் நிலத்துள்ளும் ஊர் வழக்கத்துக்கேற்ப எவரும் நுழையலாம் என்கிறது. காட்டுப்பழமும் காளானும் பறிக்கும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. நிலம் ஒருவனுக்கு, நடை எல்லார்க்கும் என்பது இதன் தத்துவம்.

1950க்குப் பின் நாடு செழித்தபோது ஆபத்து வேறு உருவில் வந்தது. ஊர்தோறும் வயற்பாதைகளுக்குத் தார் இட்டனர். அதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பயனாக, 1979 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் நடைபாதைகளைக் காக்கும் கடமை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அதன்படி 1985இல் சட்டம் இயற்றப்பட்டு 1987இல் செயலுக்கு வந்தது. நடைபாதையின் நெடும்பகுதிக்குத் தாரோ சிமெண்டோ இடப்படுமானால், அதற்கு ஈடாக வேறொரு பாதை அமைத்துத்தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. தார் இடலாம், ஆனால் இடுபவர் கடனாளியாவார். இதனை ஒட்டி, 1991இல் நிறைவேறிய காட்டுச் சட்டம், காட்டுச் சாலைகளில் மோட்டார் வாகனங்கள் பொதுவாகக் காட்டு வேலைக்காகவே செல்லலாம் என்று வரையறுத்தது.

ஆக, ஏரிக்கரையில் ஒருவன் அமைதியாகச் சரளை நெரியும் ஓசையைக் கேட்டுச் செல்கிறானென்றால், அவ்வமைதி இயற்கை தந்தது அன்று. 1907, 1979, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் மக்கள் கூடி எடுத்த முடிவுகள் தந்தது.

சரளை தானாக நிற்பதில்லை

சரளைப் பாதை என்றால் கல்லைக் கொட்டிப் பரப்பிவிட்ட பாதை என்று எண்ணுதல் பிழை. அடியில் பெருங்கல், மேலே சிறுகல், அதன்மேல் நுண்பொடி கலந்த சரளை எனப் படிப்படியாக இட்டு, ஈரத்தோடு உருளை கொண்டு அழுத்த வேண்டும். நடுவை உயர்த்தி இரு மருங்கும் சரிக்க வேண்டும். அல்லது முழுவதையும் பள்ளத்தாக்கின் பக்கமாகச் சற்றே சாய்க்க வேண்டும். செங்குத்தான இடங்களில் பாதையின் குறுக்கே சாய்வாக மரத்தாலோ இரும்பாலோ ஆன நீர்வடிகால்களைப் பதிக்க வேண்டும். நீர் பாதையின் குறுக்கே கடந்தால் தீங்கில்லை. பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் ஒரே மழையில் பாதை ஓடையாகிவிடும்.

ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று மலைகளின் பனிநீரைக் கொண்டுவரும் ட்ரும்மல்பாக் அருவியில், நொடிக்கு 20,000 லிட்டர் வரை நீர் பாய்கிறது. இத்தகைய நீர்வளமுள்ள நாட்டில், இலைச்சருகால் அடைபட்ட வடிகால் ஒன்றை ஒருவர் மழைக்குமுன் மண்வெட்டியால் திறந்துவிடாவிட்டால், பல மாத உழைப்பு அழிந்துபோகும். இந்த வேலையைச் செய்வோர் ஊராட்சிப் பணியாளரும், காட்டுத்துறையினரும், கோடையில் மலைமேய்ச்சலுக்குச் செல்லும் குடியானவரும் ஆவர். பழைய கழுதைவழி ஊர்களின் கடமை இவ்வாறு இன்றும் தொடர்கிறது.

மிதிவண்டி கேட்கும் உரிமை

இப்போது மிதிவண்டியாளரின் முறை. ஸ்விஸ் இராணுவம் 1891இலேயே மிதிவண்டிப் படையை அமைத்தது. 1905ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் அதன் வண்டிக்கு ஒரே பல்சக்கரம்; எடையோ இருபது கிலோவுக்கு மேல். அதனை மிதித்துச் சரளைச் சாலைகளில் ஏறியிறங்கிய அப்படை 2003இல் கலைக்கப்பட்டது. சரளையில் சைக்கிள் ஓட்டுவது அந்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. அமெரிக்காவின் நடுப்பகுதியில், கான்ஸஸ் போன்ற சமவெளி மாநிலங்களின் பண்ணைச் சாலைகளில் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவத் தொடங்கிய பந்தயங்களால், சரளைக்கென்றே தனி வண்டி உருவாயிற்று. அவ்வண்டி ஆல்ப்ஸுக்கு வந்தபோது பாதைகள் அங்கே காத்திருந்தன.

1998இல் அந்நாடு ஒன்பது தேசிய மிதிவண்டி வழிகளைத் திறந்து சிவப்புப் பலகைகளால் குறித்தது. அவற்றுள் ஒன்பதாவதான ‘ஏரிகளின் வழி’, மொந்த்ரேயிலிருந்து இன்டர்லாக்கன், லூசர்ன் வழியாகப் போடன் ஏரிக்கரையிலுள்ள ரோர்ஷாக் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்கிறது. பிரியன்ஸ் ஏரியின் தென்கரையில், இசெல்ட்வால்டிலிருந்து காட்டினூடே சென்று ஆசிரியர் கெர்லியின் அருவியை அடையும் பாதையில் மிதிப்பவனுக்கு, இதுவரை கூறிய வரலாறு முழுவதும் சக்கரத்தின் அடியில் கிடக்கிறது.

2018 செப்டம்பரில், நடைபாதைக்கு நிகராக மிதிவண்டிப் பாதையையும் அரசியலமைப்பில் சேர்க்க வேண்டுமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. 73.6 விழுக்காட்டினர் ஆம் என்றனர். அதற்குரிய சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. புழுதியிலிருந்து பிள்ளைகளைக் காக்க ஓர் ஆசிரியர் தேடித்தந்த வழியில் இன்று வேகமாக ஒரு சக்கரம் வருகிறது. முதியவர் ஒருவர் வளைவில் திடுக்கிட்டு ஒதுங்குகிறார். மிதிவண்டிக்கு ஏற்றதல்லாத, அதற்கென அமையாத வழியில் மிதிவண்டி செல்லலாகாது என்று அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கூறுகிறது. எது ஏற்றது, எது ஏற்றதல்ல என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுகிறது. ஒரு காலத்தில் மோட்டாரை எல்லையிலேயே நிறுத்திய கிராவ்புண்டன் மாநிலம், நடைபாதைகளில் மிதிவண்டியைப் பொதுவாக அனுமதித்து, இருசாராரும் விட்டுக்கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறது. வேறு சில மாநிலங்கள் இருவர்க்கும் வழியைப் பிரித்துவிட விரும்புகின்றன. இரண்டுக்கும் காரணம் உண்டு. பிரித்தால் மோதல் குறையும். ஆனால் ஒரு மலைச்சரிவில் இரண்டு பாதை வெட்ட, காடு எவ்வளவுதான் இடம் கொடுக்கும்?

பத்தாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை இம்மலைகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: வழி யாருடையது? வலியவனுடையது என்றனர் கணவாயில் கல்லை உருட்டியவர்களும் அவர்களை வாடகைக்கு அமர்த்திய அரசரும். செப்பனிடுபவனுடையது என்றனர் கழுதைவழி ஊரார். விரைவானவனுடையது என்றது மோட்டார் யுகம். நடப்பவனுக்கும் அதில் பங்குண்டு என்று மஞ்சள் பலகையை நட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

இன்று மிதிவண்டியில் செல்வோர் அப்பங்கைக் கேட்கின்றனர். கேட்பது முறையே. ஆனால் கேட்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னோர் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னே மெதுவாக வருபவரை மனத்தில் கொண்டு வழிவிட்டதனால்தான் அச்சரளை இன்றும் கிடக்கிறது. வளைவில் மணியடித்து, வேகம் தணித்து, முதியவர் கடக்கும்வரை ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பவர் எவரோ, அவரே அவ்வழிக்கு உரியவர். மற்றவர் அதில் செல்லலாம், அவ்வளவே.